யவனர் அதீனாவும் தமிழர் கொற்றவையும்

வழிபடு பொருளின் இயல்பை வழிபடுவோர் வாயிலாகவே அறிதல் முறை. வழிபட்டோர் மறைந்து, கோயில் பாழ்பட்டு, ஏடுகள் சிலவே எஞ்சியவிடத்துப் பின்வந்தோர் தத்தங் காலத்து விருப்பு வெறுப்புக்களை அப்பொருளின்மேல் ஏற்றிக் கூறுதல் உலகியல்பாம். யவன நாட்டில் அறிவுக்கும் போருக்கும் ஒருங்கே தலைவியாய் விளங்கிய அதீனா என்னுந் தெய்வத்திற்கு நேர்ந்தது இதுவே. தமிழ்நாட்டிலோ வழிபட்டோர் மறைந்திலர், கோயில்கள் நிலைபெற்றுள்ளன, நூல்களும் கிடைத்துள்ளன. இருந்தும், வெற்றித் தலைவியாகிய கொற்றவையைப் பற்றியும் அத்தகைய பிழையுரைகள் மலிந்துவிட்டன. அயலார் தெய்வத்திற்கு நேர்ந்தவாற்றை அமைதியாக ஆராய்ந்து அறிந்தார்க்கு, நம்மவர் தெய்வத்திற்கு இழைக்கப்படும் பிழை எளிதிற் புலனாகும். ஆதலின் அவ்விரண்டும் ஈண்டு ஒருங்கு வைத்து ஆராயப்படுகின்றன.

அதீனா என்பாள் ஏதென்ஸ் நகரின் காவற்றெய்வம். கி. மு. 700-ஐ ஒட்டி வாழ்ந்தவராகக் கருதப்படும் எசியோது என்னும் புலவர், தேவர்களின் பிறப்பு முறையைக் கூறும் தம் நூலில் அவள் தோற்றத்தைப் பாடியுள்ளார். வானோர் தலைவனாகிய சேயுசு, மேதிசு என்பாளைத் தன்னுள் விழுங்கினான் என்றும், பின்னர் அவன் தலையினின்று அதீனா தோன்றினாள் என்றும் அந்நூல் கூறும். மேதிசு என்னுஞ் சொற்குச் சூழ்ந்தறியும் மதிநுட்பம் என்பது பொருள். மதிநுட்பம் உள்ளே அடங்கி நின்று, வெளிப்படுங்கால் படைக்கலந் தாங்கிய மகளாய் வெளிப்பட்டது என்பதே அக்கதையின் உட்கோளாம்.

யவனர்க்குப் போர்த்தெய்வம் வேறொன்றும் உண்டு. அதன் பெயர் ஆரெசு. வெகுளியும் வெறியுமே ஆரெசின் வடிவம். ஓமர் பாடிய இலியத்து என்னும் காப்பியத்தில் அதீனா அந்த ஆரெசைக் கல்லால் எறிந்து வீழ்த்துகின்றாள். அக்காப்பியத்தின் தொடக்கத்திலேயே, அகிலீசு என்னும் பெருவீரன் படைத்தலைவனாகிய அகமெம்னோன்மேற் சினந்து வாளை உருவ முற்படுகின்றான். அப்பொழுது பின்னே வந்து அவன் தலைமயிரைப் பற்றித் தடுத்து நிறுத்துபவளும் அதீனாவே. போருக்குத் தலைவியாயினாள் போரைத் தடுப்பானேன் எனின், அவள் தலைமை பூண்டது சினத்திற்கன்று. சினத்தை ஆளும் அறிவிற்கே என்க. தறியில் நெய்தலும் ஒலிவ மரம் வளர்த்தலும் அவள் அளித்தனவாக யவனர் போற்றியதும் இவ்வியைபு பற்றியேயாம்.

இத்தகைய தெய்வத்தைப் பிற்காலத்தார் பிறழ உணர்ந்த வகை நான்காகக் காணலாம்.

முதலாவது, பின்னூலை முன்னூலாகக் கொண்ட பிழை. மெதூசா என்னும் பாம்புக் கூந்தலாளைப் பற்றிய கதை இக்காலத்துப் பெரிதும் பேசப்படுகின்றது. கடற்றெய்வம் அவளைக் கோயிலினுள்ளே வலிதிற் பற்றிக் கெடுத்தது என்றும், கெடுத்தவனை விடுத்துக் கெடுக்கப்பட்டவளையே அதீனா சபித்தாள் என்றும், ஆதலின் அத்தெய்வம் பெண்குலத்திற்கு இரண்டகஞ் செய்தது என்றும் கூறுவர். 2020-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் நீதிமன்றமொன்றன் எதிரே, தன்னைக் கொன்ற வீரன் தலையைக் கையிற்றாங்கிய மெதூசாவின் உருவமும் நிறுத்தப்பட்டது. வன்முறைக்கு ஆளாகிய பெண்டிரின் துயர் உண்மையானது; அதற்கு நீதி வேண்டுதலும் தக்கதே. ஆயின் அக்கதை யவனருடையதன்று. அஃது உரோமப் புலவராகிய ஓவிது, கி. பி. 8-ஐ ஒட்டி இலத்தீன் மொழியில் இயற்றிய நூலில் உள்ளது. அவர்க்கு ஏறக்குறைய எழுநூறு ஆண்டு முற்பட்ட எசியோதின் நூலில் மெதூசா பிறப்பிலேயே கோர்கன் இனத்தவள். கடற்றெய்வம் அவளைக் கூடியதும் வேனிற்பூக்கள் மலர்ந்த புல்வெளியிலேயாம். கோயிலும் அங்கில்லை; சாபமும் அங்கில்லை. உரோமர் ஒருவர் தம் கவித்திறத்தால் வேறுபடுத்திப் பாடியதனை யவனர் வழிபாட்டின்மேற் குற்றமாக ஏற்றுதல் நெறியன்று.

இரண்டாவது, ஒரு கூற்றை முழு வரலாறாகக் கொண்ட பிழை. கி. மு. 458-இல் அரங்கேறிய ஐசுகிலசின் நாடகத் தொகுதியில், தாயைக் கொன்ற ஒரெசுதெசின் வழக்கு அதீனாவின் முன் வருகின்றது. தான் தாய் வயிற்றிற் பிறவாதவள் என்று கூறி அவள் அவனுக்குச் சார்பாக வாக்களிக்கின்றாள். 1861-இல் தாயுரிமை பற்றிப் பெருநூல் எழுதிய பாகோபன் என்னும் சுவிட்சர்லாந்து அறிஞர், தாய்வழி ஆட்சி வீழ்ந்து தந்தைவழி ஆட்சி எழுந்த வரலாறு அந்நாடகத்திற் பொதிந்துள்ளது என்றார். அவரைப் பின்பற்றினோர் பலர். ஆனால் நாடகம் அவ்வாக்கோடு முடிந்திலது. தோல்வியுற்றுச் சீறியெழுந்த பழிவாங்குந் தெய்வங்களை அதீனா நயவுரையாற் றணித்து, நகரிலேயே இடமளித்து, அருட்டெய்வங்களாக்கி வழிபாடும் பெறச்செய்தாள் என்பதே முடிவு. இடையில் நின்ற ஒரு வாக்கைப் பற்றி இறுதியை விடுத்தமை பிழையாயிற்று.

மூன்றாவது, பெயரொப்புமையைக் கொண்டு தோற்றங் காணும் பிழை. 1987-இல் மார்ட்டின் பெர்னால் என்பார் வெளியிடத் தொடங்கிய ‘கறுப்பு அதீனா’ என்னும் நூல், அதீனா என்னும் பெயர் எகிப்து நாட்டு நேயித் தெய்வத்தின் கோயிற்பெயரினின்று திரிந்தது என்று உரைத்தது. அவ்விரு தெய்வங்களையும் ஒன்றெனக் கருதினோர் பண்டை யவனருள்ளும் இருந்தனர். பிளேட்டோவும் அதனைக் குறித்துள்ளார். ஆயினும் ஒப்பிட்டு வணங்குதல் வேறு, ஒன்றினின்று ஒன்று பிறந்ததென நிறுவுதல் வேறு. பெர்னால் காட்டிய ஒலித்திரிபை மொழிநூலார் பெரும்பாலோர் உடன்பட்டிலர். 1952-இல் மைக்கேல் வெந்திரிசு என்பார் பொருள் கண்ட கிரீத்துத் தீவின் களிமண் ஏடுகளுள், கி. மு. 1400-ஐ ஒட்டிய ஒன்றில், அதானா என்னும் பெயர் தலைவி என்னும் அடைமொழியோடு காணப்படுகின்றது. அவள் அந்நாட்டிற் பன்னெடுங்காலம் வழிபடப்பட்டவள் என்பதற்கு இது சான்றாகும்.

நான்காவது, சிதைந்த நிலையைத் தொன்னிலையாகக் கொண்ட பிழை. கி. மு. 447-இற் றொடங்கி 432-இல் சிற்பவேலை முற்றுப்பெற்ற பார்த்தெனன் என்னும் அவள் கோயிலில், பீதியாசு என்னும் சிற்பி பொன்னாலும் யானைத்தந்தத்தாலும் அவள் திருவுருவை அமைத்தார். கோயிற் சிற்பங்களும் வண்ணந் தீட்டப்பெற்றிருந்தன. அக்கோயில் பின்னர்க் கிறித்தவர் கோயிலாகி, அதன்பின் மசூதியாகி, 1687-இல் வெனிசியரின் குண்டுவீச்சிற் சிதைந்தது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எல்ஜின் பிரபு பெயர்த்துச் சென்ற சிற்பங்களை 1816-இல் ஆங்கில அரசு விலைகொடுத்துப் பெற்றது. வண்ணம் உதிர்ந்த வெண்கல்லைக் கண்ட மேனாட்டார் வெண்மையே யவனர் சிற்பத்தின் தூய்மை என்று கருதினர். 1937, 1938-ஆம் ஆண்டுகளில் அச்சிற்பங்களை இன்னும் வெண்மையாக்க வேண்டிப் பிரிட்டிஷ் காட்சிச்சாலையில் அவற்றின் மேற்பரப்பையே சுரண்டினர். தம் கருத்திற்கேற்பக் கல்லையே திருத்திய இச்செயல், பிறழவுணர்தல் எத்துணைத் தூரஞ் செல்லும் என்பதற்கு எடுத்துக்காட்டாம்.

இனித் தமிழ்நாட்டை நோக்குவாம். அதீனாவையும் நம் அம்மையையும் முதற்கண் ஒருங்கு வைத்து எழுதிய மேனாட்டாருள் வில்லியம் ஜோன்ஸ் குறிப்பிடத்தக்கவர். கிரேக்கம், இத்தாலி, இந்தியா என்னும் நாடுகளின் தெய்வங்களைப் பற்றி 1784-இல் அவர் எழுதிய கட்டுரையில், அசுரரை அழிக்குந் துர்க்கையைப் படைக்கலந் தாங்கிய அதீனாவோடு ஒப்பிட்டார். வீரமும் அறிவும் ஒருங்கியைந்த நிலையே இருவரிடத்துங் காணப்படுவதென்றுங் கூறினார். ஒப்புமை மட்டில் அது நன்றே. ஆயின் கலைகளைக் காக்கும் பகுதிக்குக் கலைமகளை ஒப்பாக வேறு கூறினார். யவனரிடத்து ஒன்றாய் நின்றது இங்கு இரண்டாய்ப் பிரிந்தது போன்ற தோற்றம் அதனால் உண்டாயிற்று. போர்த்தலைவி ஒருத்தி, அறிவின் தலைவி வேறொருத்தி என்னும் இப்பிரிவே பின்னர் வளர்ந்து பெரும்பிழைகட்கு வித்தாயிற்று.

மேற்குத்தொடர்ச்சி மலையின் கீழ்ச்சாரலில் அமைந்துள்ளது சிவகிரி. பாளையக்காரர் காலத்தில் ஒரு பாளையமாகவும் பின்னர் ஜமீனாகவும் விளங்கிய அவ்வூர், சங்கரன்கோயிலை அடுத்து, இன்றைய தென்காசி மாவட்டத்தில் உள்ளது. ஊர்ப்பெயரே சிவபெருமான் மலை எனப் பொருள்படும். இப்பகுதியூர்களில் காளி, மாரி, பேச்சி, இசக்கி என்னும் பெயர்களோடு அம்மை வழிபடப்படுகின்றாள். தென்பாண்டி நாட்டில் வடக்குவாய்ச்செல்வி என வடக்கு நோக்கி வீற்றிருக்கும் அம்மையும் உளள். நெல்லைச் சீமையிற் சமயப்பணி புரிந்த கால்டுவெல் பாதிரியார் 1849-இல் வெளியிட்ட சிறுநூலில் இத்தகைய ஊர்வழிபாடுகளைப் பேய்வழிபாடு என்றே பெயரிட்டார். சென்னைப் பேராயராயிருந்த வைட்ஹெட் 1916-இல் வெளியிட்ட தென்னாட்டு ஊர்த்தெய்வங்கள் பற்றிய நூல், அத்தெய்வங்கள் சிவ வழிபாட்டோடு பிறப்பால் இயைபில்லாதன என்றும், ஊரளவில் அடங்குவன என்றும் கொண்டது.

பின்வந்தோர் இதனையே இருதலையாகப் பிரித்துக்கொண்டனர். ஒருசாரார், ஊரம்மன் இழிந்த பேய் என்று அவளை வழிபடுவோரைப் புறத்தே தள்ளினர். மற்றொருசாரார், கொற்றவை தமிழரது தனித்தெய்வமென்றும், சைவர் அவளை உமையெனப் பெயரிட்டுக் கவர்ந்துகொண்டனர் என்றும் கூறலாயினர். இருசாரார்க்கும் பொதுவாயுள்ள கோள் ஒன்றே: போருக்குரிய அம்மையும் ஞானத்திற்குரிய அம்மையும் வேறு வேறு என்பது. அக்கோள் பழந்தமிழ் நூல்களுக்கு ஒத்ததா என்பதே ஆராய்தற்குரியது.

கால்டுவெல் தம் சிறுநூலை எழுதிய காலத்துச் சங்க நூல்கள் பல அச்சேறாமல் ஏட்டளவில் இருந்தன. தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையோடு சி. வை. தாமோதரம் பிள்ளை 1885-இல் வெளியிட்டார். பத்துப்பாட்டை 1889-இலும் சிலப்பதிகாரத்தை முழுநூலாக 1892-இலும் வெளியிட்டவர், திருவாவடுதுறை ஆதீனத்திற் கல்வி பயின்ற உ. வே. சாமிநாதையர். சிலப்பதிகாரம் முழுதும் அச்சில் வருதற்கு நாற்பத்துமூன்று ஆண்டு முன்னரே, அதனைக் காணாது எழுதிய ஒருவரைக் குறைகூறுதல் பெரிதும் தகாது. அந்நூல்கள் வெளிவந்து நூறாண்டு கடந்த பின்னரும் அவற்றை நோக்காது அக்கூற்றையே வழிமொழிவோர் பிழைதான் பெரிது.

அந்நூல்கள் கூறுவன யாவை? தொல்காப்பியம் புறத்திணையியலில் வெட்சித்திணையைச் சார்த்திக் கொற்றவை நிலையைக் கூறுகின்றது. கொற்றம் என்பது வெற்றி. அரசின் வன்மையும் அதுவே. குறுந்தொகையும் அகநானூறும் மலைமுழையில் உறையும் சூலி எனவும் காட்டில் அமர்ந்த செல்வி எனவும் அம்மையைக் குறிக்கின்றன. வடக்குவாய்ச்செல்வி என்னும் இற்றைப் பெயரில் அப்பழைய செல்வி என்னுஞ் சொல் இன்றும் வழங்குதல் காண்க. திருமுருகாற்றுப்படை முருகப்பெருமானைக் கொற்றவையின் மைந்தன் என்றும் மலைமகள் மகன் என்றும் ஒருங்கே விளிக்கின்றது. பதினொராந் திருமுறையிற் சேர்ந்த அந்நூலைச் சைவர் நாடோறும் ஓதுவர். மைந்தன் ஒருவனாகத் தாயர் வேறு வேறாதல் யாங்ஙனம்? வெற்றிக்குரிய அம்மையும் இமவான் மகளும் நக்கீரர் உள்ளத்து ஒருத்தியே என்பது இதனாற் போதரும்.

இவை எல்லாவற்றினும் தெளிந்த சான்று சிலப்பதிகாரத்து வேட்டுவ வரியில் உள்ளது. மதுரைக்குச் செல்லும் வழியிற் கோவலனும் கண்ணகியும் சமணத் துறவியாகிய கவுந்தியடிகளோடு ஐயையின் கோட்டத்தில் இளைப்பாறுகின்றனர். எயினர் குலத்துச் சாலினி என்பாள் தெய்வமேறி ஆடுகின்றாள். எயினர் தங்குலக் குமரியொருத்திக்குப் பன்றிக் கொம்பைப் பிறையாகச் சாத்தி, புலிப்பற்றாலி பூட்டி, புலித்தோல் உடுத்தி, வில்லைக் கையிற் கொடுத்துக் கலைமான்மேல் ஏற்றி வழிபடுகின்றனர். குருதிப்பலியும் அங்குக் கூறப்படுகின்றது. இம்மட்டில் நிறுத்துவோர், இது காட்டு வேடர் வழிபாடு என்று கூறி அமைவர். ஐசுகிலசின் நாடகத்தில் ஒரு வாக்கோடு நின்றோர் செய்த பிழை இதுவே.

அவ்வரி மேலுஞ் செல்கின்றது. எயினர் வழிபட்ட அவ்வம்மைக்கு நுதல்விழி உண்டு. முடியிற் பிறை உண்டு. நஞ்சுண்டு கறுத்த மிடறு உண்டு. யானைத்தோற் போர்வையும் சூலமும் உண்டு. இவை இறைவன் அடையாளங்கள். சங்கும் ஆழியும் அவள் கையில் உள. அவை திருமாலின் அடையாளங்கள். எருமைத்தலைமேல் நிற்கும் அவளையே எயினர், மறைகட்கும் மேலான மறைப்பொருள் என்றும், ஞானத்தின் இளந்தளிர் என்றும், அரி அரன் அயன் ஆகியோர் உள்ளத் தாமரையில் ஒளிரும் விளக்கு என்றும் பாடுகின்றனர். வில்லேந்திய வேடர் வாயில் இளங்கோவடிகள் வைத்த துதி இது. போர்த்தலைவியும் ஞானத்தலைவியும் வேறென்று பிரிப்பார்க்கு இவ்வொரு பகுதியே விடையாக அமையும். மேலும், சாலினி கண்ணகியைக் கண்டு பின்வரும் பெருமையை முன்னரே கூறினாள் என்பதனால், அக்கோட்டத்து அம்மை வருவது அறியும் அறிவுடையள் என்பதும் பெறப்படும்.

அற்றேல், எல்லா அம்மையரும் எக்காலத்தும் ஒன்றென்றே கூறிவிடலாமோ எனின், அதுவும் ஆராய்ச்சிக்கு ஒவ்வாது. அந்நூலிலேயே பாண்டியன் வாயில்காவலன், சினந்து வந்து நின்ற கண்ணகியைக் கண்டு அரசனிடத்துக் கூறுமிடத்தில், எருமைத் தலைமேல் நின்ற கொற்றவை, எழுவருள் இளையாள், இறைவனை ஆடச்செய்த அணங்கு, காட்டை விரும்பிய காளி, தாருகன் மார்பைப் பிளந்தவள் எனத் தனித்தனியே எண்ணி, இவருள் எவளும் அல்லள் என்கின்றான். பெயரும் செயலும் கோயிலும் பலவாதலை இளங்கோவடிகள் நன்கறிவர். பொருள் ஒன்றாதலையும் நன்கறிவர். இரண்டனுள் ஒன்றையே பற்றுதல் குறைபாடாம்.

மேனாட்டார் பிழையை எடுத்துக்காட்டுமிடத்துச் சைவர் தம்மவர் பிழையையும் மறைத்தலாகாது. பின்னூலை முன்னூலாகக் கொள்ளுதல் ஈண்டும் உண்டு. ஐந்நிலத்திற்கும் தெய்வம் வகுத்த தொல்காப்பியர் பாலைக்குக் கொற்றவையை வைத்தார் எனப் பலர் எழுதுகின்றனர். தொல்காப்பியச் சூத்திரத்தில் மாயோன், சேயோன், வேந்தன், வருணன் என நால்வரே கூறப்பட்டனர். பாலைக்குத் தெய்வங் கூறப்பட்டிலது. பாலைக்கு அம்மையை உரிமையாக்கியது பிற்கால அகப்பொருள் வழக்கு. தொல்காப்பியர் அவளை வைத்தது குறிஞ்சிக்குப் புறனாகிய வெட்சியில். அன்றியும் கி. பி. 14-ஆம் நூற்றாண்டளவில் வாழ்ந்த நச்சினார்க்கினியர் உரையிற் கண்டதனைச் சூத்திரத்தின் நேர்பொருளாகவே எடுத்தாளுதலும் தவிர்க்கற்பாலது. உண்மை தன் வலியால் நிற்கும். அதற்குப் பொய்த்தூண் வேண்டுவதில்லை.

பெயரை நம்பி மயங்குதலும் நம்மிடத்து உண்டு. மாமல்லபுரத்துத் திரௌபதி ரதம் என வழங்கும் ஒற்றைக்கற் கோயிலைப் பாரதக் கதையோடு இயைத்தே பலர் காண்பர். அதனுள்ளே நிற்பவள் துர்க்கையாகிய கொற்றவை. அவள் திருவடியில் தன்னையே பலியிட முற்படும் வீரனொருவன் உருவும் உளது. பாண்டவர் பெயர்கள் பிற்காலத்தார் இட்டு வழங்கியன. திருப்புள்ளமங்கைக் கோயிலின் வடபுறத்து மாடத்தில் எருமைத் தலைமேல் நிற்கும் அம்மையின் இருமருங்கும் சிங்கமும் கலைமானும் செதுக்கப்பட்டுள்ளன. வேட்டுவ வரி பாடிய கலைமானும் புராணங் கூறிய சிங்கமும் சோழர் காலத்துச் சிவாலயச் சுவரில் ஒருங்கு நிற்றல் காண்க. ஒன்றை மற்றொன்று கவர்ந்ததாயின் கவரப்பட்டதன் அடையாளம் அழிக்கப்பட்டிருக்கும்; ஈண்டு அது போற்றி வைக்கப்பட்டுள்ளது.

இன்னுஞ் சிலர் கொற்றவையின் தோற்றத்தைச் சிந்துவெளியிற் கண்டுவிட்டதாக உரைப்பர். 1931-இல் ஜான் மார்ஷல் வெளியிட்ட மொகெஞ்சதாரோ நூலில் அங்குக் கிடைத்த சுடுமண் பெண்ணுருவங்கள் தாய்த்தெய்வம் எனக் கொள்ளப்பட்டன. அது கருதத்தக்க கொள்கையே. ஆயினும் கிரீத்துத் தீவின் எழுத்துப் படிக்கப்பட்டு அதீனாவின் பெயர் வெளிப்பட்டாற்போலச் சிந்துவெளி எழுத்து எல்லாரும் ஒப்பும்படி இன்னும் படிக்கப்பட்டிலது. பெயர் அறியா உருவிற்கு நாம் விரும்பிய பெயரிட்டு, அதனையே சான்றாகக் காட்டுதல் எகிப்தியப் பெயர்கொண்டு அதீனாவை விளக்கினார் செய்த பிழையினும் வேறன்று.

இனி, கொலைக்களத்து நிற்கும் அம்மைக்கு ஞானம் யாங்ஙனம் பொருந்தும் என்பார்க்குச் சைவசித்தாந்தம் விடை கூறும். சிவத்தின் அருளே சத்தி. அச்சத்தி கதிரவனும் ஒளியும் போல இறைவனிற் பிரிப்பின்றி நிற்பது. ஆன்மாக்களின் பக்குவத்திற்கேற்ப அவ்வருள் இன்முகத்தோடு தோன்றின் அறக்கருணை எனப்படும். சினமுகத்தோடு தோன்றின் மறக்கருணை எனப்படும். பிள்ளையை ஒறுக்குந் தாயின் கையில் உள்ளதும் அன்பே என்பது அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் தெளிவித்த கருத்து. இறைவன் செய்யும் தண்டமும் உயிர்கள்பால் வைத்த நேசத்தாற் செய்வதே என்பது அவர் துணிபு. சீகாழிக் குளக்கரையில் அழுத பிள்ளைக்கு ஞானப்பால் அளித்தவளும், எருமைத்தலை மிதித்து நின்றவளும் அருள் என்னும் ஒன்றன் இருமுகங்களேயாம். மகிடன் என்பது உயிரை மறைத்து நிற்கும் ஆணவத்திற்குக் குறி எனக் கொள்ளின், அதனை மிதித்து நிற்றல் ஞானத்தின் செயலன்றி வேறென்னாம்?

யவனர்க்கு இவ்விளக்கம் கிடைத்திலது. அவர்தம் புலவர் அறிவும் போரும் ஒருத்தியிடத்து இயைந்தமையைக் கண்டு பாடினர். அவ்வியைபின் காரணத்தை விளக்கும் சாத்திரமும், அதனை வழிவழி ஓதிக் காக்கும் ஆசிரியர் மரபும் அவ்வழிபாட்டிற்கு நிலைத்தில. ஆதலின் கோயில் பாழ்பட்டபின் அவள் கதை வந்தார் வாயிலெல்லாம் வேறுவேறாயிற்று. சாத்திரமும் மரபும் கையில் இருந்தும் தமிழர் அவற்றை நோக்காதொழியின் அந்நிலையே ஈண்டும் எய்தும்.

இவ்வாராய்ச்சியின் பயன் ஏட்டளவில் அடங்குவதன்று. 1950-இல் கோயில்களில் விலங்கும் பறவையும் பலியிடுதலைத் தடுக்குஞ் சட்டம் சென்னை இராச்சியத்தில் இயற்றப்பட்டது. 2003-இல் அதனைக் கடுமையாகச் செலுத்த ஆணை பிறந்தது. 2004-இல் அச்சட்டமே நீக்கப்பட்டது. அவ்வமயம் ஊர்த்தெய்வ வழிபாட்டினரை நாகரிகமற்றோர் என இகழ்ந்தாரும், சைவநெறியை அவர்க்குப் பகையென்று காட்டினாரும் இருந்தனர். கொல்லாமை சைவத்தின் தலையாய அறம், அதில் ஐயமில்லை. உயிர்ப்பலி ஒழிதல் வேண்டும் என்று அன்போடு அறிவுறுத்தல் சைவர் கடமை. ஆயின் பலியை விலக்குதல் வேறு. பலியிடுவோன் வணங்கும் அம்மையைப் பேயென்று இகழ்தல் வேறு. எத்தெய்வத்தை ஒருவன் வழிபடினும் அத்தெய்வமாய் நின்று அருள்பவன் மாதொருபாகனே என்பது சித்தியாரின் முடிபு. அதனை ஓதிய நாவால் மலையடிவாரத்து எளியோன் கும்பிடும் காளியை இகழ்பவன், தான் ஓதியதையே மறந்தவனாவான். ஒளவை சொற்போல் அறிவுரை இனிதாய்ச் செல்லவேண்டின், முதற்கண் அவன் தாயைத் தன் தாயென உணர்தல் வேண்டும்.

இவ்வுண்மையை நூல் கல்லாதாரும் கண்ணாற் காணும் இடம் ஒன்று சிவகிரிக்கு அணித்தே உள்ளது. அஃது சங்கரன்கோயில். அரனும் அரியும் ஒரு திருமேனியராய்ச் சங்கரநாராயணராக எழுந்தருளிய தலம் அது. சங்கன், பதுமன் என்னும் நாகவேந்தர் இருவர் யார் பெரியர் என வழக்கிட்டனர் என்றும், அவ்விருவரும் ஒருவராய் நிற்கும் நிலையைக் காட்டவேண்டிக் கோமதியம்மை தவஞ்செய்தாள் என்றும் தலபுராணங் கூறும். ஆடி மாதத்து உத்திராட நாளில் நிகழும் தவசுக் காட்சிக்குச் சுற்றுப்புறத்து ஊரினர் திரண்டு செல்வர். ஊரிற் காளிக்குப் பொங்கலிட்டவரும், மாரிக்குக் கூழ்வார்த்தவரும் அங்கே கோமதியின் திருமுன் நிற்பர். ஊரம்மை வேறு, கோயிலம்மை வேறு என்னும் வழக்கு அவர் உள்ளத்தில் இல்லை. ஐயையின் கோட்டத்தில் எயினர் பாடிய அம்மை அரனுடைய பிறையும் அரியினுடைய ஆழியும் ஒருங்கு தாங்கினாள். கோமதியோ அவ்விருவரையும் ஒருங்கு காட்டத் தவங்கிடந்தாள். கற்றோர் பிரித்ததைக் கல்லாதார் பிரியாது காத்துவந்தனர்.

ஆகவே தெய்வத்தை ஆராயப் புகுவோர் நூல்களைக் கால முறையால் வரிசைப்படுத்துக. ஒரு கூற்றோடு நில்லாது இறுதிவரை நோக்குக. பெயரொப்புமையை மட்டும் நம்பாதொழிக. இற்றை நிலையையே பண்டை நிலையென எண்ணாதொழிக. யாவற்றிற்கும் மேலாக, வழிபடுவோர் உள்ளத்தை மதித்து அறிக. இவ்வைந்தும் பேணப்படின் யவனர் அதீனாவும் தன் இயல்பில் விளங்குவாள். தமிழர் கொற்றவையும் ஞானவடிவினளாகவே காட்சி தருவாள். வெற்றியாவது பகைவனைக் கொல்லுதலன்று, அறியாமையை வெல்லுதலே. அவ்வெற்றியை அருளுதல் பற்றியே அம்மைக்குக் கொற்றவை என்னும் பெயர் பொருந்துவதாயிற்று.

திருச்சிற்றம்பலம்.